செட்டிநாட்டுச் சமையலில் பழங்கள்: காலைப் பலகாரம் முதல் ராத்திரிச் சோறு வரை

பழம் வாங்கி வைத்தால் வீட்டில் யாரும் தொடுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிறைய. நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, தானாகக் காலியாகட்டும் என்று இருந்தால் ஈதான் வந்து உட்காரும். அதே மாம்பழம் குழம்பில் கிடந்தால் கொட்டையைக்கூட விடாமல் சப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

செட்டிநாட்டில் பழத்தைச் சாப்பாட்டுக்குப் பிந்திய சங்கதியாக ஒதுக்கி வைக்கிற வழக்கம் குறைவு. மாங்காய் மண்டியாகும் (அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற புளிக்குழம்பு), பலாமூசு என்கிற பலாப்பிஞ்சு பிரட்டலாகும், பலாக்கொட்டை குழம்புக்குப் போகும், அன்னாசி விருந்து இலையில் இனிப்புப் பச்சடியாக வந்து விழும். பிஞ்சு, காய், செங்காய், பழம், கனிந்து குழைந்தது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வேலை உண்டு. எந்த நிலையில் எதை எங்கே போடுவது என்று பிடிபட்டுவிட்டால், பழத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அன்றாடச் சமையலுக்குள்ளேயே அது போய்விடும்.

படி 1: என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்

காரைக்குடியில் திங்கட்கிழமைச் சந்தை. கோடையில் புதுக்கோட்டைப் பக்கம் வடகாடு, ஆலங்குடி, கீரமங்கலத்துப் பலாப்பழமும், நத்தம் மாம்பழமும் வந்து குவியும். அங்கே போய் நின்று யோசித்தால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கத் தோன்றும். குழம்புக்கா, பச்சடிக்கா, சும்மா தின்னவா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

மாங்காய் மண்டிக்கும் சோற்றோடு கடித்துக்கொள்ளவும் கிளிமூக்கு. நம் பக்கத்தில் கல்லாமை என்று கேட்டாலும் அதைத்தான் கொடுப்பார்கள். புளிப்பு மிதமாக இருக்கும், வேகும்போது சட்டென்று கரையாது. மீன்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் நல்ல புளிப்புள்ள நாட்டு மாங்காய் வேண்டும். நறுக்கித் தின்ன பங்கனபள்ளி, செந்தூரம், காசு இருந்தால் இமாம்பசந்த். மாம்பழக் குழம்புக்கு மட்டும் விலை உயர்ந்த பழத்தை வாங்காதீர்கள். கைக்கு அடக்கமான, நார் நிறைந்த, லேசாகப் புளிக்கிற நாட்டுப் பழம்தான் அதற்குச் சரி. நல்ல பங்கனபள்ளியைக் கொதிக்க வைப்பது வீண்.

முழுப் பலாப்பழம் வாங்கினால் முதலில் மோந்து பாருங்கள். வாசனை வந்திருக்க வேண்டும், முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும், தட்டினால் மந்தமான ஓசை வர வேண்டும். சின்னக் குடும்பத்துக்குச் சுளையாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் கொட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளாம்பழத்தை ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்கள். துள்ளி எழுந்தால் காய், அப்படியே கிடந்தால் பழம். வாழைப்பழத்தில் இன்றைக்கு, நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று மூன்று பதத்தில் சீப்பு வாங்குங்கள், மொத்தமாக ஒரே நாளில் கனிந்து தொலையாது.

படி 2: பழுக்க வைப்பதும் பத்திரப்படுத்துவதும்

மேனி முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்பருகே வாசனையே இல்லையென்றால் அந்த மாம்பழத்தைச் சந்தேகப்படலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் சோதனை போடுகிற ஒவ்வொரு கோடையிலும் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது. முற்றின காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்து வைத்தால் மூன்று நான்கு நாளில் பழுக்கும். காயிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு கலைந்து போகாமல் அங்கேயே தங்குவதால்தான் இது நடக்கிறது. வைக்கோலுக்கு எங்கே போவது என்கிறவர்கள் காகிதப் பையில் போட்டு, கூடவே கனிந்த வாழைப்பழம் ஒன்றை வையுங்கள், அதே வேலை நடக்கும்.

பழுக்காத மாங்காயையும் வாழையையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் அவை பழுக்கும் திறனை இழந்துவிடும், அப்புறம் வெளியே எடுத்து வைத்தாலும் ருசி வராது. பழுத்த பிறகு தாராளமாக வைக்கலாம். மாம்பழத்தை அறுப்பதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சூட்டைத் தணிக்கும் என்பார்கள். சூடோ இல்லையோ, காம்பில் வழிந்து காய்ந்திருக்கிற பால் வாய் ஓரத்தைப் புண்ணாக்கும், அது கழுவப்பட்டுப் போகும். அதற்காகவே செய்யலாம்.

படி 3: காலைப் பலகாரம்

இட்லி, தோசைக்குச் சட்னி போதும், அங்கே பழத்தைத் திணிக்க வேண்டாம். புட்டு, ஆப்பம், இடியாப்பம் மூன்றும் பழத்தை ஏற்றுக்கொள்ளும். புட்டுக்கு வாழைப்பழம் தெரிந்ததுதான். இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பலாச்சுளையைப் பொடியாக அரிந்து போட்டுப் பாருங்கள், சர்க்கரை தேவைப்படாது.

கவுனி அரிசியைச் செட்டிநாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். இதே மாதிரிப் பசை அரிசியைத் தாய்லாந்து, பர்மாப் பக்கம் தேங்காய்ப்பாலும் மாம்பழமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நாமோ தேங்காய்த் துருவலும் சீனியும் நெய்யும் போட்டுக் கிளறுவதோடு நின்றுவிட்டோம். ஒரு கப் கவுனி அரிசியைக் கழுவி ராத்திரியே ஊற வையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரோடு சேர்த்து மூன்று கப் அளவு வருகிற மாதிரி வைத்து, குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் நிறமும் போய்விடும். வெந்ததும் கரண்டியால் மசித்து, வழக்கமாகப் போடுகிற சீனியில் பாதி, அரை மூடித் தேங்காய்த் துருவல், ஒரு கரண்டி நெய், ஏலக்காய் சேருங்கள். ஆறினதும் பங்கனபள்ளித் துண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள், கலக்க வேண்டாம். அழுத்தமான கறுப்பு அரிசியோடு குளிர்ந்த மாம்பழம் ஒரு வாய், அதற்கப்புறம் நீங்களே எனக்கு விளக்கம் சொல்வீர்கள்.

அவசரமான காலைக்குப் பஞ்சாமிர்தம். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிற ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது பழனிப் பஞ்சாமிர்தம். அது கோயிலுக்கு உரியது, நாம் செய்வது வீட்டு அளவில். ஆறு மலைவாழைப் பழத்தைத் தண்ணீர் படாமல் கையால் பிசைந்து, பழத்தின் எடையில் பாதி நாட்டுச் சர்க்கரை, விதை எடுத்த பேரீச்சை, கொஞ்சம் கல்கண்டு, தேன், நெய், ஏலக்காய் போட்டுக் கிளறினால் ஆயிற்று. மலைவாழை நீர் குறைந்த பழம், அதனால் கெட்டியாக நிற்கும். பூவனில் செய்தால் இளகிக்கொள்ளும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், சப்பாத்தியில் தடவிச் சுருட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பலாம்.

படி 4: மதியச் சோறு, இங்கேதான் பழத்துக்கு உண்மையான இடம்

மாங்காய் மண்டியில் தொடங்குவோம். தேவையானவை: ஒரு பெரிய கிளிமூக்கு மாங்காய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஆறு பச்சை மிளகாய், நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, இரண்டு கப் கெட்டியான கழனி (அரிசி களைந்த தண்ணீர்), ஒரு துண்டு வெல்லம், தாராளமாக நல்லெண்ணெய்.

அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரைக் கையால் அலசிப் பிடித்து வையுங்கள். அரை மணி நேரத்தில் வெள்ளையாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்துவிட்டு அந்தக் கெட்டியை மட்டும் எடுத்துப் புளியைக் கரையுங்கள். இதில் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அது புளித்தண்ணீர்தான், மண்டி ஆகாது. மாங்காயைத் தோலோடு, கொட்டையோடு பெரிய துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, கீறின மிளகாய், வெங்காயம், பூண்டு போட்டு வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகிற வரை வதக்குங்கள். இதை அவசரப்படுத்தக் கூடாது, புளி சேர்ந்த பிறகு வெங்காயமும் பூண்டும் லேசில் வேகாது. அப்புறம் கழனியை ஊற்றி உப்புப் போட்டுக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசம் போய்க் குழம்பு தளதளவென்று கூழாகத் திரளும்போது மாங்காய் போட வேண்டும். மாங்காய்க்கு ஐந்தாறு நிமிஷம் போதும். தோல் பக்கம் பச்சை மங்கி, கத்தி இறங்குகிற பதத்தில் வெல்லத்தைப் போட்டு இறக்கிவிடுங்கள். எண்ணெய் மேலே வளையம் வளையமாக ஒதுங்கியிருக்கும். முதல் நாளைவிட மறுநாள் ருசி அதிகம், தயிர்சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி எனக்குத் தெரியாது.

இதிலேயே பலாக்கொட்டையும் வெண்டைக்காயும் சேர்ப்பார்கள். பலாக்கொட்டையின் வெள்ளை ஓட்டை உரித்து, உள்ளே இருக்கிற பழுப்புத் தோலைச் சுரண்டி, உப்புப் போட்டுத் தனியாக வேக வைத்துத்தான் சேர்க்க வேண்டும். நேராகப் புளியில் போட்டால் எவ்வளவு நேரமானாலும் கல்லாகவே இருக்கும். வெண்டைக்காயை எண்ணெயில் வதக்கிச் சேருங்கள்.

மாம்பழக் குழம்புக்கு நாட்டுப் பழத்தின் தோலை உரித்து, முழுசாகவே கொஞ்சம் தண்ணீர், மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வேக வையுங்கள். அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. அடுப்பைக் குறைத்து, கடைந்த புளித்த தயிரை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கித் தாளியுங்கள். தயிர் ஊற்றிய பிறகு கொதித்தால் திரிந்துவிடும். சாப்பிடுகிறவர் கொட்டையை எடுத்துச் சோற்றில் பிசைந்து சப்ப வேண்டும், ஸ்பூன் ஆசாமிகளுக்கு இது ஒத்துவராது.

அன்னாசி ஒரு வில்லங்கமான பழம். அதில் புரோமலின் என்கிற நொதி இருக்கிறது. பச்சையாகத் தயிரிலோ பாலிலோ போட்டால் அங்குள்ள புரதத்தை வெட்டிக் கொஞ்ச நேரத்தில் கசக்க வைத்துவிடும். சூடுபட்டால் நொதி செயலிழந்துவிடும். ஆகையால் தயிர்ப் பச்சடி என்றால், பொடியாக நறுக்கின அன்னாசியை வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு வேக வைத்து, நன்றாக ஆறின பிறகு தயிர், அரைத்த தேங்காய் பச்சை மிளகாய் சேர்த்துக் கடுகு தாளியுங்கள். ரசத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கப் துண்டில் பாதியை அரைத்து, பாதியை அப்படியே போட்டு, ஒரு தக்காளி, தட்டின மிளகு சீரகம், பருப்புத் தண்ணீர் சேர்த்து நுரை கட்டியதும் இறக்குங்கள். புளி மிகக் கொஞ்சம் போதும், பழமே புளிப்பைப் பார்த்துக்கொள்ளும்.

விளாம்பழப் பச்சடி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து வெல்லத்தோடு பிசைந்து, பச்சை மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. செங்காயாக இருக்கிற கொய்யாவையும் பொடியாக அரிந்து தயிர்ப் பச்சடி செய்யலாம். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. விலையோ பெரும்பாலும் குறைவு. இருந்தாலும் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

படி 5: கறிக்குழம்பு நாளிலும், கறி ஆகாத நாளிலும்

முற்றின ஆட்டுக்கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய். அதன் பாலில் உள்ள பப்பாயின் இறைச்சி நாரைத் தளர்த்தும். அரை கிலோ கறிக்குத் தோலோடு அரைத்த காய் விழுது ஒரு மேஜைக்கரண்டி, அரை மணி நேரம் ஊறல், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊற விட்டால் கறி மாவாகிவிடும். மிச்சக் காயைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். கர்ப்பமாக இருக்கிறவர்கள் பால் உள்ள காயைத் தவிர்ப்பது நல்லது.

மாங்காயை மீன்குழம்பில் போடும்போது புளியைப் பாதியாகக் குறையுங்கள். மீனுக்கு முன்னால் மாங்காய், மாங்காய் முக்கால் பதம் வெந்ததும் மீன். நெத்திலிக் கருவாட்டுக்கும் மாங்காய்க்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கறி சாப்பிடாத நாளுக்குப் பலாமூசு பிரட்டல். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவுங்கள், இல்லையென்றால் பால் ஒட்டி அன்று முழுக்க அதைத் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நறுக்கின துண்டுகளை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. மஞ்சள், உப்புப் போட்டு முக்கால் வேக்காடு வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பட்டை, சோம்பு, கல்பாசி, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும், வறுத்து அரைத்த மிளகாய், மல்லி, மிளகு, சோம்பும் சேர்த்து, பலாமூசைப் போட்டு மூடாமல் பிரட்டிக்கொண்டே இருங்கள். விளிம்புகள் முறுகி, மசாலா துண்டைக் கவ்விக்கொள்ள வேண்டும். அரைத்த தேங்காயை ஊற்றிக் குழம்பாக்கிவிடாதீர்கள் என்பது என் கட்சி. வேறு வீட்டில் வேறு மாதிரிச் செய்வார்கள்.

படி 6: இடைப்பலகாரம்

கறுத்துப்போன பூவன் பழத்தைக் குப்பைக்கு அனுப்பாமல் பணியாரத்துக்கு வையுங்கள். இரண்டு கப் புளிக்காத தோசை மாவுக்கு ஒரு பழம், முக்கால் கப் வெல்லத்தைக் குறைந்த தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பாகு, தேங்காய்ப் பல், ஏலக்காய். பழம் கூடினால் குழியில் பிடித்துக்கொள்ளும், நடுவில் வேகாமல் கொழகொழவென்று நிற்கும். மாவு தளர்ந்தால் ஒரு கரண்டி பச்சரிசி மாவு தூவுங்கள். குழிப்பணியாரக் கல்லில் நெய்யும் எண்ணெயும் கலந்து விட்டு, முக்கால் குழி ஊற்றி, சிறு தீயில் மூடி வேக வைத்துத் திருப்ப வேண்டும். வெல்லமும் பழமும் சேர்ந்ததால் சீக்கிரம் கருகும், தீயைக் கூட்டாதீர்கள்.

நுங்கையும் சீத்தாப்பழத்தையும் சப்போட்டாவையும் சமையல் பக்கமே கொண்டு போகாதீர்கள். அப்படியே சாப்பிட்டால்தான் அழகு. நுங்கில் பால் ஊற்றி ஏலக்காய் போட்டுக் குளிர வைத்தால் அதுவே பாயசம், அதுவும் கோடை மதியத்துக்கு மட்டும்.

படி 7: அளவு

சர்க்கரை உள்ளவர்கள் மாம்பழத்தை அறவே விட வேண்டியதில்லை, ஆனால் வழக்கமான சோற்றுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூஸ் வேண்டாம், நார்ச்சத்து போய்ச் சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழை, இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம் என்பது நினைவிருக்கட்டும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது, அதிலுள்ள நச்சு வெளியேறாமல் தங்கி மூளையைத் தாக்கும்.

படி 8: மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பது

பலாக்கொட்டையைக் கழுவாமல், ஈரம் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து நிழலான இடத்தில் வைத்தால் சில மாதம் கெடாது. உரித்து ஃப்ரீஸரில் போடுவது இன்னும் சுலபம். மாம்பழக் கூழையும் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மாவற்றலுக்குச் சித்திரை வெயில் வேண்டும். புளிப்பான மாங்காயைத் தோலோடு நீளமாக அரிந்து, ஒரு கிலோவுக்கு நூறு கிராம் கல்லுப்புப் போட்டுக் குலுக்கி இரண்டு நாள் ஜாடியில் வையுங்கள். தண்ணீர் விட்டிருக்கும். பகலில் துண்டுகளைப் பிழிந்து முற்றத்துப் பாயில் காய வைத்து, சாயங்காலம் திரும்ப அதே உப்புத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் முழுவதும் இழுக்கிற வரை இப்படியே செய்து, கடைசியாகச் சுக்காகக் காய வைத்து, ஈரமில்லாத ஜாடியில் அடையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பிடித்தால் தூக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறும்போது, நாலு துண்டை வெந்நீரில் ஊற வைத்துப் புளிக்குழம்பிலோ கருவாட்டுக் குழம்பிலோ போடலாம். உப்பை மட்டும் வற்றல் வெந்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.